மலையில் முதல் கொடி ஏறிய ஆண்டு

நடந்தவை, வரிசைப்படி:

1. கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரில் முப்பத்தெட்டு குடும்பங்களின் நிலத்தை நான் விசாரித்துப் பதிவு செய்தேன்.
2. விசாரணைக்கு நானே தயாரித்த ஓர் அட்டவணையைப் பயன்படுத்தினேன்.
3. அட்டவணையின் முதல் வரி அந்த ஊருக்குப் பொருந்தாது. அது எனக்குத் தெரியாது.
4. வரைவுப் பட்டியலை ஊரில் வாசித்தபோது ஊர் சிரித்தது.
5. ஒரு பெண்ணின் நிலம் அவளுடைய கொழுந்தனார் பெயருக்குப் போயிருந்தது.
6. திருத்த நான்கு நாள் இருந்தது. மூன்றாம் நாள் சாலைகளில் மரங்கள் விழுந்தன.
7. நான்காம் நாள் நடந்து போனோம்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மலைப் பிரிவுக்குப் புதிதாக மூன்று நில அளவர்கள் வருவதாகச் சொன்னார்கள். நீங்கள் மூவரும் யாரென்று எனக்குத் தெரியாது. சங்கிலி பிடிப்பதும் கல் நடுவதும் பயிற்சியில் கற்றிருப்பீர்கள், அதை நான் எழுதப் போவதில்லை. பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை, நான் ஒரு பெண்ணின் நிலத்தை ஏறக்குறையப் பறித்துக் கொடுத்த பிறகே தெரிந்துகொண்ட ஒன்றை, எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் மூன்று வரிக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வரை போய் வருகிறேன். அதனால் இது கொஞ்சம் விட்டு விட்டுத்தான் இருக்கும்.

முதலில் பின்னணி. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கீழே நாடு விடுதலை பெற்று, அரசியல் சட்டம் எழுதி, தேர்தல்கள் நடத்தி முடித்த பிறகும் மலையில் நிலம் அவர்களுடையது. உழுகிற குடும்பங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு ஜாகீரை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மலையை அளந்து, உழுகிறவர்களுக்குப் பட்டா கொடுக்கும் வேலை தொடங்கியது. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் ஒன்றுதான்: ஜாகீர் எடுக்கப்பட்ட நாளில் நிலத்தைப் பயிரிட்டவர் யார்? அவருக்குப் பட்டா. அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுக்கு.

கேள்வி எளிது. பதில்தான் கிடைக்காது. எந்த வருடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இதற்குத்தான் என் அட்டவணை.

அதை நான் மணலூர்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது தயாரித்தேன். ஆண்டு கேட்காதே, நிகழ்ச்சியைக் கேள். ஊரில் முதன்முதலாகக் கொடியேற்றிய நாள், பெண்ணையாற்றில் பெரிய வெள்ளம் வந்த வருடம், ஊருக்கு மின்சாரம் வந்த வருடம் என்று பன்னிரண்டு வரிகள். அதில் முதல் வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொடியேற்றியபோது நிலம் யாரிடம் என்று கேட்டால் போதும், கரும்பு வயலில் நின்றுகொண்டு ஒருவர் சொல்வார்: “அன்னிக்கி எங்கப்பா கெணத்துல தண்ணி எறைக்க கவலை ஓட்டினு இருந்தாரு. அப்பிடியே மாட்ட நிறுத்திட்டு என்னைத் தோள்ல வெச்சிக்கினு மிட்டாய் வாங்க போனாரு.” நான் 1947 என்று எழுதுவேன். பழைய வரி ரசீதோடு ஒப்பிட்டால் சரியாக இருக்கும். அலுவலகத்தில் பாராட்டினார்கள். அட்டவணையைத் தட்டச்சு செய்து உறையில் போட்டு மலைக்கு எடுத்துப் போனேன்.

மலையில் அன்று விடாத தூறல். ஓரறைப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். மக்கள் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அவர்கள் சொல்ல, நான் குனிந்து எழுதினேன். அடுத்தவங்க, அடுத்தவங்க என்று முப்பத்தெட்டு முறை சொன்னேன். அட்டவணையின் மற்ற பதினொரு வரிகளும் அங்கே பயன்படவில்லை. ஆறு இல்லை, மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. முதல் வரி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொடியேற்றிய நாளை எல்லோரும் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள்.

சின்னபொண்ணு என்ற பெண் சொன்னது என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: கொடியேற்றியபோது வயது இருபது. நிலத்தை உழுதவர் கணவர். மூன்றாவது வருடம் கணவர் இறந்தார். அதன் பிறகு உழுபவர் கணவரின் தம்பி வெள்ளையன். விளைச்சலில் பாதி இவருக்குக் கொடுக்கிறார்.

ஓரத்தில் பென்சிலால் இன்னொரு வரியும் இருக்கிறது. “தம்பி உழுவது எட்டு ஒன்பது வருடமாக என்கிறார். நினைவு சரியில்லை.”

என் கையெழுத்துதான். அவருடைய நினைவு சரியில்லை என்று நான் எழுதியிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு வந்து கணக்குப் போட்டேன். கொடி என்றால் 1947. கணவர் இறந்தது 1950. அதிலிருந்து உழுவது வெள்ளையன். ஆகவே ஜாகீர் எடுக்கப்பட்ட நாளில் பயிரிட்டவர் வெள்ளையன். கணக்கில் பிழை இல்லை. முப்பத்தெட்டையும் ஒரே மாலையில் முடித்தேன்.

வரைவுப் பட்டியலை ஊரில் வாசிக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூட வாசலில் நின்று வாசித்தேன். அன்று வெயில்.

“சின்னபொண்ணு. வயது அறுபது.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: “யாரு, நம்ம சின்னபொண்ணா? அடியே, வாயத் தொற, பல்லு கீதான்னு பாக்கலாம்.”

“அதான் ரெண்டு நாளா முட்டி வலிக்குதுன்னா” என்றாள் இன்னொருத்தி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். அதுதான் சின்னபொண்ணு. நான் அவளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அதற்குள் ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் தலைவர், என் பட்டியலை எட்டிப் பார்த்தார். “எனக்கு இன்னா போட்டுகீற?”

“தொண்ணூற்றேழு.”

“நூறுக்கு மூணுதான் கம்மி. இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க, பந்தல் போடுங்க.”

சிரிப்பு அடங்க நேரமானது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அடுத்த வரியை வாசித்தேன்: சின்னபொண்ணு சொன்ன நிலம், பயிரிட்டவர் வெள்ளையன்.

சின்னபொண்ணு விறகைக் கீழே போட்டாள். “இன்னாம்மா படிச்ச? திருப்பிப் படி.”

திருப்பிப் படித்தேன்.

“நீங்கதானே சொன்னீங்க, கொடி ஏத்தி மூணாவது வருஷம் வீட்டுக்காரர் இறந்துட்டார்னு” என்றேன்.

“ஆமா.”

“அப்படின்னா அது ஐம்பதாம் வருஷம்.”

“அம்பதுல நா பொறக்கவே இல்லியேம்மா.”

ஊர்க்கவுண்டர் சிரிப்பதை நிறுத்தினார். “சர்வேயரம்மா, நீ எந்த வருசத்துக் கொடிய கேட்டுக்கினு கீற?”

“முதல் கொடி. நாப்பத்தேழு.”

“அது கீழ ஏத்தினது. உப்பு வாங்கப் போனவங்க வந்து சொன்னாங்க, வெள்ளக்காரன் பூட்டானாம்னு. சரின்னு கேட்டுக்கினோம். மறுநாளு ஜாகீர்தாரு காட்டுல ஏர் ஓட்டணுமே, போய்ட்டோம். ஜாகீரு போன வருசந்தான் இங்க ஜீப்புல வந்து மூங்கில் நட்டு மொதக் கொடி ஏத்தினாங்க. அதான் எங்களுக்கு மொதக் கொடி.”

இருபத்தொன்பது வருடம். மனத்திற்குள் எல்லா வரிகளிலும் இருபத்தொன்பதைக் கழித்துக்கொண்டே போனேன். சின்னபொண்ணுக்கு முப்பத்தொன்று. அவள் கணவர் இறந்து எட்டு வருடம். ஜாகீர் எடுக்கப்பட்ட நாளில் உழுதவர் அவள் கணவர். பட்டா அவளுக்கு.

சின்னபொண்ணு கூட்டத்தில் ஒருவரைத் தேடினாள். “இன்னா கொழுந்தனாரே, வாயில இன்னா கொழக்கட்டையா வெச்சிக்கினு கீற? சொல்லேன்.”

வெள்ளையன் தரையைப் பார்த்தார். “கவர்மெண்டே எழுதினு வந்துகீது அண்ணி. நா இன்னாத்த சொல்றது. ஆபீசர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

அவர் அதுவரை மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருந்தேன்.

இனிதான் உங்களுக்கு வேண்டிய இடம். யாருக்குப் பட்டா என்று முடிவு செய்யும் தீர்வு அலுவலர் நான்காம் நாள் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பட்டியலில் கையெழுத்திடுவார். மறுநாள் அவருக்கு மாற்றல். எங்கள் தலைமை அளவர் கரியாலூர் முகாமில் இருந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த ஒரு பொம்பளையை ஆட்சேபணை மனு குடுக்கச் சொல்லு. மிச்சத்தை வுட்டுடு. அப்பன் ஓட்டினது மவன் ஓட்டறான், எப்பிடிக் கணக்குப் போட்டாலும் அதே வூடுதான் வரும்.”

“வராத வீடு இருந்தா?”

“இருந்தா மனு குடுப்பாங்க. மொத்தமும் தப்புன்னு நீயா எழுதிக் குடுத்தா பட்டியல் திரும்பிப் போவும். உனக்கு மெமோ வரும். அந்த ஜனங்களுக்குப் பட்டா எப்ப வரும்னு கேளு.”

ஊர்க்கவுண்டரும் அதையே சொன்னார். “வயசு ஜாஸ்தியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. இத்தினி வருசம் கழிச்சு இப்பதான் பட்டான்னு ஒண்ணு வருது. நீ மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா எங்க பேரன் காலத்துலதான் வாங்கணும்.”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நான் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். பட்டியலை அப்படியே விட இடப்பக்கம் ஏழு காரணம், திருத்த வலப்பக்கம் ஒன்று. அந்த ஒன்று: எத்தனை வீடு தவறு என்று எனக்குத் தெரியாது. சிலர் கீழே ஏற்றிய கொடியை நினைத்தும் சொல்லியிருக்கலாம், வெறுமனே இருபத்தொன்பதைக் கழித்தால் போதாது. தெரியாமல் சரி என்று எழுதினால் அது பொய். மீதி ஏழோடு அதை எடை போட்டுப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த முகாமில் பத்து அடி நடக்க இடமில்லை. சுற்றிச் சுற்றி நடந்தேன்.

வழியை ஊர்க்கவுண்டர்தான் தெரியாமலே காட்டியிருந்தார். ஜாகீர்தார் காட்டில் ஏர் ஓட்டணுமே என்றாரே. விசாரித்தேன். ஜாகீர் காலத்தில் ஏர் வைத்திருந்த ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் கால் வைக்கும் முன் ஜாகீர்தார் நிலத்தைக் கூலியில்லாமல் உழுது கொடுக்க வேண்டும். ஓசி ஏர் என்பார்கள். வீட்டுக்கு ஒரு முறை. எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பது ஊரில் எல்லோருக்கும் பாடம். நிலம் இருந்த வீட்டுக்குத்தான் முறை இருந்தது. ஆக, கடைசிப் போகத்தில் ஓசி ஏர் யார் வீட்டு முறை என்று கேட்டால், ஜாகீர் முடிந்தபோது நிலம் யாரிடம் என்பது வந்துவிடும். ஆண்டே வேண்டாம்.

இரண்டு நாளில் முப்பத்தெட்டு வீட்டையும் மறுபடி கேட்டேன். இந்த முறை வீடு வீடாகப் போனேன், ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். சொல்லக் கூச்சப்பட்டார்கள். ஒருவர், “அத்த எல்லாம் எழுதணுமாம்மா, எங்க பொண்ணு இஸ்கோலு போவுது” என்றார். முப்பத்துமூன்று வீடு மாறவில்லை. ஐந்து மாறியது. ஐந்தில் நான்கை எதிர்த் தரப்பே ஒப்புக்கொண்டது. ஒன்று சின்னபொண்ணுடையது. வெள்ளையன் வீட்டில் இல்லை என்றார்கள். மூன்று முறை போனேன். மூன்று முறையும் இல்லை.

மூன்றாம் நாள் கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள் என்று செய்தி வந்தது. நான்காம் நாள் காலையில் கச்சிராயபாளையம் வரைதான் வண்டி. அங்கே இறங்கி நானும் சின்னபொண்ணும் ஊர்க்கவுண்டரும் நின்றோம். வெள்ளையனும் வந்திருந்தார், நான்கடி தள்ளி.

ஊர்க்கவுண்டர் சாலையைப் பார்த்தார். “என்னால ஆவாதும்மா. மரத்த எடுக்கட்டும், பொறவு வரேன்.” திரும்பிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. என் அவசரம் முழுவதும் பதிவேடு போய்ச் சேர்வதில் இருந்தது.

சிறிது தூரத்தில் முதல் மரம். அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கம்மா போற? இன்னிக்கி ஒண்ணும் போவாது.”

“கள்ளக்குறிச்சி ஆபீஸ். நடந்துதான்.”

“மூட்டையில இன்னா?”

“மலை நிலக் கணக்கு.”

ஓர் இளைஞர் இறங்கி வந்தார். “நாங்க எத்தினி பேருன்னு எண்ணிப் பாத்துப் பங்கு குடுங்கன்னுதான் ரோட்டுல குந்திக்கினு கீறோம். எங்கள எண்ண ஆளில்ல. மலைல போய் எண்ணிக்கினு வரீங்களா?”

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் சின்னபொண்ணு சொன்னாள்: “எண்ணினாங்க தம்பி. எண்ணி என்னைக் கெழவியாக்கிட்டாங்க. உங்கள எண்ண வந்தா மூஞ்சியப் பாத்து எண்ணச் சொல்லுங்க.”

அவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர் பதிவேட்டு மூட்டையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். மூன்று மணி நேரம் நடந்தோம். இன்னும் நான்கு மரம் தாண்டினோம். வெள்ளையனும் சின்னபொண்ணும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான்காவது மரத்தில் கிளை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டபோது அவர்தான் எடுத்துவிட்டார்.

அலுவலகத்தில் பாதி ஜன்னல்கள் மூடியிருந்தன. அலுவலர் உட்காராமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அவரும் ஊருக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர். நான் என் தவற்றை முதலிலிருந்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நின்று கேட்டார்.

“இந்தத் தேதியே தனிக் கதைம்மா. முதல்ல சுதந்திர தினம்னா ஜனவரி இருபத்தாறுதான். முப்பதுலேர்ந்து வருஷா வருஷம் அன்னைக்குத்தான் கொடியேத்தி உறுதிமொழி எடுப்பாங்க. எங்கப்பா எடுத்திருக்கார். ஆகஸ்ட் பதினைஞ்சு கடைசி வைஸ்ராய் சொன்ன நாள். ஜப்பான் சரணடைஞ்ச நாளாம், அவருக்கு அது ராசி. அப்புறம் பழைய நாள் வீணாப் போகக் கூடாதுன்னு குடியரசு தினமாக்கிட்டாங்க. கீழேயே ரெண்டு தேதி. மலையில மூணாவது இருந்தா என்ன?” பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “ஆனா என் விதியில ஒரே நாள்தான். ஜாகீர் போன நாள். அன்னைக்கு யாரு?”

பின்னர் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்ன தேதிகள் சரி.

அவர் வெள்ளையனைக் கேட்டார். “கடைசி ஓசி ஏர் யாருப்பா ஓட்டினது?”

“நாந்தாங்க.”

சின்னபொண்ணு திரும்பினாள். “ஓட்டினது நீ. முறை யார் வூட்டு முறை? மாடு யார் வூட்டு மாடு? உங்கண்ணன் காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தாரு, நாந்தான உன்னக் கூப்பிட்டு அனுப்பினேன்?”

“ஏர்க்கால் பின்னால நடந்தது யாருன்னுதான ஐயா கேக்கறாரு அண்ணி.”

“நடந்ததுக்குத்தான் அன்னிக்கி உனக்குக் களி கிண்டிப் போட்டேன்.”

அலுவலர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “முறைங்கறது வீட்டுக்கா, ஆளுக்கா? ஊர் வழக்கம் எதுன்னு எழுத்துல இருக்கா?”

இல்லை. முப்பத்தெட்டு வீட்டின் பதிலும் என்னிடம் இருந்தது. முறை வீட்டுக்கு உரியது, கை மாறினாலும் வீடு மாறாது என்ற வழக்கத்தை ஊர்க்கவுண்டர் எனக்கு வாயால் சொல்லியிருந்தார். அதை ஒரு வாக்குமூலமாக எழுதி வாங்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிட்டேன். சொல்லக்கூடிய மனிதரைக் கச்சிராயபாளையத்தில் திரும்பிப் போக விட்டுவிட்டேன்.

“நாளைக்கு அவரை அழைச்சிட்டு வரேன் சார்.”

“நாளைக்கு இந்த நாற்காலியில நான் இல்லைம்மா.”

முப்பத்துமூன்றுக்குக் கையெழுத்திட்டார். நான்குக்குத் திருத்த அறிவிப்பு போட உத்தரவிட்டார். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். மீதியையும் நிறுத்தி வையுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாமா? அப்படி நிறுத்தியிருந்தால் அந்த ஒன்றுக்காக அடுத்தவர் விரைந்து வந்திருப்பாரா? நான் சரி சார் என்றேன். சின்னபொண்ணு என் பக்கத்தில் நின்றிருந்தாள். வெளியே வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப எல்லாருக்கும் வரும், எனக்கு வராதா?”

வரும் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

உங்களுக்கு இரண்டு விஷயம். எழுதும்போது நிமிர்ந்து ஆளைப் பாருங்கள். பதினைந்து விநாடி போதும், இருபத்தொன்பது வருடப் பிழை தெரிந்துவிடும். ஒரு வழக்கம் உங்களுக்குப் புரிந்துவிட்டால் அதை அன்றே எழுதிக் கைநாட்டு வாங்குங்கள். நமக்குப் புரிந்ததைக் கோப்பு ஏற்றுக்கொள்ளாது. அட்டவணையை நான் கிழிக்கவில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் அது இன்னும் சரியாகவே வேலை செய்யும்.

இன்றைய நிலை: அந்த ஊரில் முப்பத்தேழு குடும்பங்கள் பட்டா வாங்கிவிட்டன. எனக்கு மெமோ வந்தது, பதில் கொடுத்துவிட்டேன். ஊர்க்கவுண்டரின் வாக்குமூலத்தை மரங்கள் அகற்றப்பட்ட மறுநாளே போய் வாங்கிக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். புதிய தீர்வு அலுவலர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. வெள்ளையன் பாதி விளைச்சல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சின்னபொண்ணு அவரை நிலத்தில் இறங்க விடவில்லை. அவளிடம் இப்போது மாடு இல்லை. இந்தப் போகம் யாரும் உழாததால் நிலம் தரிசாகக் கிடக்கிறது. கோப்பு, ஜன்னல் பக்கத்து அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.